யார் பார்க்கப் போகிறார்கள்?

அக்காவின் வளைந்த முதுகுக்கு ஆப்பரேஷன் செய்ய நாள் குறித்த பிறகு, பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டார்கள். "கல்யாணத்துக்கு முந்தின்னா சரி. இப்ப பிள்ளையே காலேஜு போயிட்டான். இந்த வயசுல முதுக நிமித்தி யாரு பாக்கப் போறா?" பெரியத்தை கேட்டார். எதிர்வீட்டு அம்மா கேட்டார். கோயில் கமிட்டியில் இருக்கும் மாமா ஒருவர் அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மைலோ பாக்கெட்டும் ஆரஞ்சுப் பழமுமாக வந்தவர்கள், போகும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியவர்கள். அப்படிப்பட்டவர்கள் கேட்டதால்தான் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. ஆப்பரேஷன் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்குள் அது இன்னும் ஓயவில்லை.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, ஆனா என்னப் பாவமா காட்டாத" என்றாள். பாவம் காட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. எனக்கு இருப்பது கோபம். ஒரு பெண்ணின் முதுகை எங்கள் ஊர் முப்பத்தைந்து வருடமாகப் பின்னாலிருந்தே பார்த்தது. வெளியே தெரிகிறதா என்று கேட்டவர்கள் ஏராளம். வலிக்கிறதா என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

தையல்காரம்மா கண்டுபிடித்தது

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் ஒன்றில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். அந்தக் கதையை நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது, வரிசை வீடுகளான லயம் போய் டவுன் ஓரத்துத் தாமான் குடியிருப்பில் வீடு வந்தது, அவ்வளவுதான். அக்காவுக்கு 14 வயதாகும்போது தீபாவளிக்குத் துணி தைக்க அளவெடுத்த தையல்காரம்மாதான் முதலில் கவனித்தார். எப்படித் தைத்தாலும் சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வலது தோள்பட்டை எலும்பு புடைத்திருந்தது. இடுப்பின் மடிப்பு ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தது. தோட்டத்து மருந்தகத்தைக் கவனித்த டிரசர், புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டுவதால் வந்தது, வளர வளரச் சரியாகிவிடும் என்றார். சீன வைத்தியர் சின்சேயிடம் கூட்டிப்போனார்கள். எண்ணெய் போட்டு உருவி விட்டார்கள். வளர வளர அது கூடியதே தவிர குறையவில்லை.

அம்மா வேறொன்றை நம்பினார். அக்கா வயிற்றில் இருந்த மாதங்களிலும் அவர் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலைக்குப் போனவர். பால் நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டி, ஒரே தோளில் சுமந்து கொட்டகைக்கு நடந்தவர். தன்னுடைய அந்தத் தோள்தான் பிள்ளைக்கு இறங்கிவிட்டது என்று கடைசிவரை நினைத்தார். பருவ வயதில் வரும் ஸ்கோலியோசிஸுக்கு, அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதற்கு, பெரும்பாலும் காரணம் தெரியாது என்பதுதான் மருத்துவம் இன்றுவரை சொல்வது. சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு. பையும் சுமையும் உட்காரும் முறையும் அதை உண்டாக்குவதில்லை. இதை அம்மாவிடம் உட்கார்ந்து பேசிச் சொல்ல ஒரு டாக்டரோ நர்ஸோ வாய்க்கவில்லை. இரண்டு நிமிடப் பேச்சில் தீர்ந்திருக்க வேண்டிய குற்ற உணர்ச்சியை அவர் ஆயுள் முழுக்கச் சுமந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

1989இல், அக்காவுக்கு 16 வயது. ஈப்போவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வளைவு 46 பாகை (டிகிரி). ஆப்பரேஷன் செய்து கம்பி வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அப்பா எழுந்துவிட்டார். "இடுப்புக்குக் கீழ விளங்காமப் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?" அத்தோடு பேச்சு முடிந்தது. பல வருடம் கழித்து அக்காவுக்கு அப்பா மேல் வருத்தம் வந்ததுண்டு. நான் படித்துப் பார்த்த அளவில் அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் பல இடங்களில் இன்னும் வழக்கத்தில் இருந்தது ஹாரிங்டன் கம்பி. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் என்ற டாக்டர், போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக 1950களில் உருவாக்கி, 1962இல் உலகத்துக்குச் சொன்ன முறை அது. மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி, நடுவில் கம்பியை வைத்து வளைவை நீட்டி இழுப்பார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் மாவுக்கட்டு. வளைவு நிமிர்ந்தது உண்மை. ஆனால் இடுப்புக்கு மேலே இயற்கையாக உள்ள குழிவும் சேர்ந்து தட்டையாகிவிட்டது. கீழ் முதுகு வரை கம்பி போட்டவர்களில் பலர் நடுத்தர வயதில் முன்பக்கம் சாய்ந்து நடக்க வேண்டியதாயிற்று. நிமிர்த்துவதற்காகச் செய்த ஆப்பரேஷனே பின்னாளில் அவர்களைச் சாய்த்தது.

ஆப்பரேஷன் செய்யாமல் விட்டால் முடமாகிவிடுவாள் என்று பயமுறுத்தியவர்களும் இருந்தார்கள். அதுவும் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. இளவயதில் வளைவு வந்து, எந்தச் சிகிச்சையும் இல்லாமல் வாழ்ந்தவர்களை ஐயோவா பல்கலைக்கழகத்தில் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே வேலை பார்த்து, குடும்பம் நடத்தி, வயதாகியிருந்தார்கள். முதுகுவலியில்தான் பெரிய வித்தியாசம். வளைவு உள்ளவர்களில் 61 சதவீதத்தினருக்கு நாட்பட்ட வலி, இல்லாதவர்களில் 35 சதவீதத்தினருக்கு. அக்கா அந்த 61 பக்கம் விழுந்தவள்.

பெண் பார்க்கும் படலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அக்கா அதை நீட்டி எழுத விடவில்லை. புடவை முந்தானையைப் புடைப்பு மறையும்படி போர்த்திக்கொள்ள அவளுக்குப் பெரியத்தைதான் கற்றுக்கொடுத்தார். போட்டோவை முன்பக்கமாக மட்டும் எடுத்தார்கள். தைப்பிங்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளையின் சித்தி, "பொண்ணு கொஞ்சம் அப்படித் திரும்பி நடக்கட்டும்" என்றார். அக்கா திரும்பி நடந்தாள், அப்படியே அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை. 29 வயதில் அத்தான் வந்தார். லாரி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர், திரும்பி நடக்கச் சொல்லாதவர். கல்யாணம் ஆன நாளோடு அக்காவின் முதுகைப் பற்றிய பேச்சு எங்கள் குடும்பத்தில் நின்றுபோனது. பிரச்சினை தீர்ந்துவிட்டதாக எல்லாரும் நினைத்தார்கள்.

1948

ஒரு சின்ன விஷயத்தை இங்கே சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊர் சரித்திரப் புத்தகத்தில் வருவது 1948 ஜூன் 16ஆம் தேதிக்காக. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அடுத்த சில நாளில் நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. அதே 1948இல்தான் நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் காப் என்ற எலும்பு மருத்துவர், எக்ஸ்ரே படத்தில் வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கோடு போட்டு, இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளக்கும் முறையை எழுதி வைத்தார். இன்றும் உலகம் முழுக்க அதுதான் அளவு. 10 பாகைக்கு மேல் போனால்தான் ஸ்கோலியோசிஸ் என்ற பெயரே. பருவ வயதில் 45, 50 பாகையைத் தொட்டால் ஆப்பரேஷன் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். வளர்ச்சி நின்ற பிறகு 30 பாகைக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். 50ஐத் தாண்டியது வருடத்துக்குச் சுமார் ஒரு பாகை வீதம் ஏறிக்கொண்டே போகலாம். அக்காவுடையது இந்த இரண்டுக்கும் நடுவில். அவளுக்கு 50 வயதாகும்போது 46 என்பது 61 ஆகியிருந்தது.

ஆனால் அவளை வீழ்த்தியது அந்த எண் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போனாள். நாள் முழுக்கக் குனிந்தபடி செய்யும் வேலை. அப்புறம் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமையல். நாற்பதுகளின் பாதியில், கொஞ்ச தூரம் நடந்தாலே இரண்டு தொடையும் மரத்துப்போக ஆரம்பித்தது. உட்கார்ந்தால் விட்டுவிடும், எழுந்து நடந்தால் மறுபடி வரும். சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி மேல் சாய்ந்துகொண்டால் மட்டும் நடக்க முடியும். பாத்திரம் கழுவும்போது இடது முழங்கையைச் சிங்க் விளிம்பில் ஊன்றிக்கொண்டு ஒரே கையால் கழுவுவாள். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வருடா வருடம் போனவள், கூட்டத்தில் நிற்க முடியாமல் நிறுத்திவிட்டாள். "வயசாச்சுல்ல" என்பார்கள் எல்லாரும். அப்போது அவளுக்கு 47.

வயதாவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இல்லை. இளமையில் நேராக இருந்த முதுகுகூட, டிஸ்க் தேய்ந்து மூட்டுகள் கழன்று, முதுமையில் வளைவதுண்டு. 60 வயதைத் தாண்டிய, முதுகுக்காக எந்த வைத்தியமும் பார்க்காத 75 பேரை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 68 சதவீதத்தினருக்கு வளைவு இருந்தது. 2005இல் வந்த ஆய்வு அது. எங்கள் லயத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்த பாட்டிகள் எத்தனை பேர்! அவர்கள் யாரையும் யாரும் எக்ஸ்ரே எடுத்ததில்லை.

பக்கவாட்டில் எடுத்த படம்

கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுத் தண்டு டாக்டரைப் பார்க்கப் போனோம். பரிந்துரைக் கடிதம் வாங்கி, தேதி கிடைத்து, அந்த நாள் வருவதற்குள் நெடுங்காலம் ஆகியிருந்தது. அதைப் பற்றிப் புலம்ப இப்போது விருப்பமில்லை. கழுத்திலிருந்து தொடை வரை ஒரே படமாக, நிற்க வைத்து இரண்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்று முன்பக்கமிருந்து, ஒன்று பக்கவாட்டில்.

முன்பக்கப் படம் திரையில் வந்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஆங்கில எழுத்து எஸ் போல அப்படியொரு நெளிவு. அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரோ கோணத்தை அளந்து எழுதிக்கொண்டு, நாங்கள் மூச்சு விடுவதற்குள் அந்தப் படத்தை ஓரத்தில் தள்ளிவிட்டார். பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். அதற்கப்புறம் பேச்சு முழுக்க அதைப் பற்றியே.

கழுத்தின் அடியில் உள்ள ஏழாவது எலும்பிலிருந்து, கொத்தனார் சுவருக்குக் குண்டுநூல் விடுவதுபோல், நேர் கீழே ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு இடுப்பின் பின்புற எலும்பை ஒட்டி விழ வேண்டும். அக்காவுக்கு அது நன்றாக முன்னால் தள்ளி விழுந்தது. 5 சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் போனாலே உடம்பு சமநிலை இழந்துவிட்டது என்று கணக்கு, உங்களுக்கு அதையும் தாண்டிவிட்டது என்றார். மலாயில்தான் பேசினார். நிதானமாக, அக்காவின் முகத்தைப் பார்த்தே பேசினார். கீழ் முதுகின் குழிவு தேய்ந்துபோனதால் தலை முன்னால் போகிறது. தலையை இடுப்புக்கு மேலே கொண்டுவர உடம்பு இடுப்பெலும்பைப் பின்னால் சாய்க்கிறது, முழங்காலை மடக்குகிறது, முதுகுத் தசைகளை ஓயாமல் இழுத்துப் பிடிக்கிறது. காலையில் எழுந்து நின்ற நிமிடத்திலிருந்து இரவு படுக்கும்வரை இதே வேலை. மாலையானால் முதுகு எரிகிறது என்று அக்கா சொல்வாளே, அது இதுதான். கால் மரத்துப் போவது வேறு: நரம்பு போகும் துவாரம் சுருங்கிவிட்டது, முன்னால் சாய்ந்தால் அது கொஞ்சம் திறக்கிறது. தள்ளுவண்டியின் ரகசியமும் அவ்வளவே. பெரியவர்களின் வலிக்கும் முடக்கத்துக்கும், பின்னாலிருந்து தெரியும் நெளிவைவிட இந்த முன்சாய்வுதான் நெருங்கிய தொடர்புடையது என்பது 2005 வாக்கில் வந்த ஆய்வுகளிலேயே தெளிவாகிவிட்டது.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என்னிடம் தமிழில் சொன்னாள்: "இந்தப் பக்கத்துலருந்து என்னை யாரும் பாத்ததே இல்லடி." அவ்வளவு வருடமும் முந்தானையால் மறைத்தது ஒன்று, அவளைத் தின்றுகொண்டிருந்தது வேறொன்று. எனக்கு எல்லாம் மாறியது அந்த இடத்தில்தான். ஊர் கேட்ட கேள்விக்கு நான் அதுவரை, "பார்க்கிறதுக்காக இல்ல, வலிக்காக" என்று பதில் சொல்லி வந்தேன். அது சரியான பதில்தான், ஆனால் அரைகுறை. வேண்டாம் என்பவர்களும், நிமிர்த்திவிடலாம் என்று உற்சாகப்படுத்துபவர்களும் அந்த நெளிவு தெரியும் ஒரே படத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

டாக்டர் சொன்ன மறுபக்கம்

ஆப்பரேஷன் என்றால் என்ன என்று அதே டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மார்பின் 10ஆவது முள்ளெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை ஒவ்வோர் எலும்பிலும் திருகாணி போட்டு, இரண்டு பக்கமும் கம்பி பொருத்தி, நரம்பை நெருக்கும் எலும்பை எடுத்துவிட்டு, குழிவைத் திரும்ப உண்டாக்கி, மேலே எலும்புத் துண்டுகளைப் பரப்பி மூடுவார்கள். கம்பி தாங்குவது தற்காலிகமாகத்தான். எலும்பும் எலும்பும் ஒட்டி ஒரே எலும்பாக வேண்டும், அதற்கு ஒரு வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஒட்டவில்லை என்றால் ஒரு நாள் கம்பியே முறிந்துவிடும். கிருமித் தொற்று, ரத்தப் போக்கு, நரம்புச் சேதம், ஒட்டிய பகுதிக்கு மேலே உள்ள எலும்பு சரிந்துபோவது என்று சொல்லிக்கொண்டே போனார். அப்பா பயந்த "கால் விளங்காமல் போவது" இன்றைக்கும் பூஜ்ஜியம் இல்லை. ஆனால் இப்போது ஆப்பரேஷன் நடக்கும்போதே மூளையிலிருந்து காலுக்குப் போகும் மின்சைகைகளைக் கருவி வைத்துக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஏதாவது தடுமாறினால் உடனே தெரிந்துவிடும். இளவயதுப் பிள்ளைகளுக்குச் செய்வதைவிடப் பெரியவர்களுக்குச் செய்வது பல மடங்கு கடினம். சிறியதும் பெரியதுமாகச் சிக்கல்களை எண்ணினால், பெரிய ஆய்வுகளிலேயே பாதிப்பேருக்கும் மேல் ஏதோ ஒன்று வந்திருக்கிறது. மறுபடியும் கத்தி வைக்க வேண்டியவர்களும் உண்டு.

இதைக் கேட்ட பிறகு நான் வேண்டாம் என்றேன். அத்தானும் வேண்டாம் என்றார். அக்கா மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

அந்த நாட்களில் நான் தேடிப் படித்ததில் ஒன்று மனசில் நின்றது. பெரியவர்களுக்குக் கீழ் முதுகில் வரும் வளைவுக்கு ஆப்பரேஷன் நல்லதா, மருந்தும் பயிற்சியும் போதுமா என்று வட அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் ஆப்பரேஷன் இல்லாத பக்கம் விழுந்தவர்களில் 64 சதவீதத்தினர் தாங்களே மாறி ஆப்பரேஷனுக்குப் போய்விட்டார்கள். ஆய்வுக்காரர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் எனக்கு வியப்பாக இருந்தது. இப்போதைய நிலை போதும் என்று நினைப்பவருக்கு ஆப்பரேஷன் வேண்டாம், ஆனால் இதைவிட முன்னேற்றம் வராது என்று தெரிந்திருக்க வேண்டும். போதாது என்று நினைப்பவருக்கு ஆப்பரேஷன்தான் மேல். இத்தனை அளவும் எக்ஸ்ரேயும் எடுத்துவிட்டு, தராசு முள்ளை அந்த ஆளின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். போதுமா, போதாதா? அந்தக் கேள்வியைப் பெரியத்தையால் கேட்க முடியாது, நானும் கேட்டதில்லை, அத்தானும் கேட்டதில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அக்காவே சொன்னாள், "எனக்குப் போதலம்மா."

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் எலும்பின் அடர்த்தியைப் பார்த்தார்கள். எலும்பு பஞ்சாக இருந்தால் திருகாணி பிடிக்காது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். நம்மவர்களுக்கு அதுவே தனிப் போராட்டம். அக்கா தே தாரிக் டீயை விட்டாள், சோற்றைக் குறைத்தாள். பணம் பெரிய விஷயம். அரசு ஆஸ்பத்திரியில் வார்டுக் கட்டணம் சொற்பம்தான், ஆனால் கம்பியும் திருகாணியும் நோயாளி வாங்கித் தர வேண்டியதாக அமைவதுண்டு, அதுதான் மலைக்க வைக்கும். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் சொல்கிறேன்: ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூகநலப் பிரிவு இருக்கிறது, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி இருக்கிறது. கடன் வாங்குவதற்கு முன்னால் அங்கே போய்க் கேளுங்கள். சம்பளச் சீட்டும் வீட்டுச் செலவுக் கணக்கும் கேட்பார்கள், கொடுப்பதில் ஒரு வெட்கமும் இல்லை. எங்களுக்கு ஒரு பகுதி அப்படி வந்தது. மீதி அத்தானின் சேமிப்பு, என் சீட்டுப் பணம்.

குனியாமல் வாழ்வது

ஆப்பரேஷன் அன்றைக்கு நடந்ததை எழுத ஒன்றுமில்லை. காலையில் உள்ளே போனாள், இருட்டிய பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தாள். அத்தான் அவள் பாதத்தைத் தொட்டு, விரலை அசைக்கச் சொன்னார், அசைத்தாள். அவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலையே தொடங்கியது. குனியக் கூடாது, முறுக்கக் கூடாது, தூக்கக் கூடாது. எலும்பு ஒட்டும்வரை இது கட்டளை. ஒட்டிய பிறகு கீழ் முதுகு என்றைக்கும் வளையாது. இடுப்பு மூட்டிலும் முழங்காலிலும் மடங்கலாம், முதுகால் முடியாது. நம் வீடுகளில் எவ்வளவு வேலை குனிந்து செய்வது என்பது அப்போதுதான் தெரிந்தது. கோலம், சாமி படத்துக்கு விளக்கு, தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு குளிப்பது, செருப்பு வாரை மாட்டுவது. குந்தும் கழிப்பறையை இடித்துவிட்டு உட்காரும் வகை வைத்தோம். இன்னொன்றையும் எழுதச் சொல்லி அக்கா கட்டாயப்படுத்தினாள், டாக்டரும் சொல்லவில்லை, சொந்தக்காரர்களும் பேசமாட்டார்கள் என்பதால். இடுப்பெலும்பு வரை ஒட்டிவிட்டால், கழிப்பறையில் கை எட்டிக் கழுவிக்கொள்வது கஷ்டம். முதல் சில மாதம் அத்தான்தான் உதவினார். அப்புறம் தண்ணீர் பீய்ச்சும் குழாயும் நீளக் கைப்பிடியும் வைத்துப் பழகிக்கொண்டாள். ஆப்பரேஷனுக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், உதவிக்கு யார் இருப்பார்கள் என்பதையும் சேர்த்து.

உதிரிப் பழம் பொறுக்கும் கைகள் இனி அந்த வேலைக்குப் போகாது. இடது தொடையில் ஓரிடத்தில் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை. மழை பெய்யும் நாட்களில் வலி வருகிறது, பனடோல் போட்டுக்கொள்கிறாள். கம்பி முறியாமல் இருக்கிறதா, எலும்பு ஒட்டுகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் தாண்ட வேண்டியது இருக்கிறது. ஆனால் கால் மரப்பு போய்விட்டது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடக்கிறாள். சிங்க்கில் இரண்டு கையாலும் பாத்திரம் கழுவுகிறாள். இந்தத் தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குப் போய், பால்குடம் எடுப்பவர்களுக்குப் பந்தலில் நின்று தண்ணீர் கொடுத்தாள். உயரம் கொஞ்சம் கூடியிருக்கிறது. முதுகின் மேல்பகுதிப் புடைப்பு அப்படியே இருக்கிறது. டாக்டர் அதைத் தொடவில்லை, தொட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பெரியத்தை வந்து பார்த்துவிட்டு, "இன்னும் அப்படியே இருக்கே, இவ்வளவு செலவு பண்ணி" என்றார். அக்கா காப்பி கலக்கிக் கொண்டுவந்து, குனியாமல், முழங்காலை மடக்கி அவர் முன்னால் வைத்தாள். பெரியத்தைக்குப் பதில் சொல்லும் பொறுமை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "அத்தை, பின்னால உள்ளத நான் பாக்கறது இல்ல. நான் நிக்கிறேன், அது எனக்குத் தெரியுது" என்றாள். எனக்கென்றால் சண்டை வந்திருக்கும்.

அண்ணன் மகள்

போன வருடம் அண்ணன் மகளுக்கு 13 வயது. அவளைக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தது அக்காதான், குடும்பத்தில் தொடரக்கூடியது என்று டாக்டர் சொல்லியிருந்ததால். விலா ஒரு பக்கம் உயர்ந்து தெரிந்தது. எக்ஸ்ரேயில் 27 பாகை. வளர்ச்சி இன்னும் பாக்கி இருக்கும் வயதில் இந்த அளவுக்கு உடம்பைச் சுற்றி அணியும் கவசம் போடலாம், அது வெறும் சமாதானத்துக்காகச் செய்வதில்லை. 2013இல் வெளிவந்த ஆய்வில், கவசம் போட்டவர்களில் 72 சதவீதத்தினர் ஆப்பரேஷன் அளவை எட்டாமல் தப்பினார்கள். போடாதவர்களில் 48 சதவீதம். அதிக நேரம் போட்டவர்களுக்குப் பலனும் அதிகம், நாளுக்குச் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பினார்கள். அக்காவுக்குக் கிடைக்காத வாய்ப்பு இவளுக்குக் கிடைத்திருக்கிறது.

நம் ஊர் வெக்கையில் அந்தப் பிளாஸ்டிக் கவசத்தைப் பள்ளிச் சீருடைக்குள் போட்டுக்கொண்டு உட்காருவது சின்ன விஷயம் இல்லை. உள்ளே பருத்திப் பனியன் போட்டு, வேர்த்தால் மாற்றி, தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை சமாளிக்கிறாள். சமாளிக்க முடியாதவர் அண்ணி. பள்ளியில் சொல்ல வேண்டாம், கோயிலில் தெரிய வேண்டாம், வீட்டுக்கு ஆள் வந்தால் கழற்றி வைத்துவிடு. "பொம்பளப் பிள்ளை, நாளைக்கு யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்க." விருந்தாளி வந்து போகும் ஒவ்வொரு மாலையும் கவசம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அண்ணி கெட்டவர் இல்லை, பயப்படுகிறார். எங்கள் அம்மாவும் பெரியத்தையும் பயந்த அதே பயம். ஆனால் அந்தப் பயத்துக்கு இந்தப் பிள்ளை மணிக்கணக்காக விலை கொடுக்கிறாள் என்பதை அக்காவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

யாரிடமும் சொல்லாமல் அக்கா பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் சமையல் பார்த்த அதே தமிழ்ப்பள்ளி இல்லை, இடைநிலைப்பள்ளி, அங்கே அவளை யாருக்கும் தெரியாது. வகுப்பு ஆசிரியையிடம் உட்கார்ந்து, கவசம் எதற்கு, எவ்வளவு நேரம், வேர்த்தால் சட்டை மாற்ற ஓர் அறை வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். விளையாட்டுப் பாடத்தில் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடாதீர்கள், அந்த நேரம் கவசத்தைக் கழற்றிவிட்டு ஓட விடுங்கள், ஓடுவது அவளுக்கு நல்லது என்றும் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை சம்மதித்தார், அறைச் சாவியையே பிள்ளையிடம் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் 26. அண்ணி இன்னும் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. பேசுவார். அதுவரை சனிக்கிழமைகளில் பிள்ளையை ஈப்போவுக்குக் கூட்டிப்போவது அக்காவும் அத்தானும்தான்.